ஐந்து மணிக் கேள்வி

அய்யாவுவின் மடியிலிருந்து மடிக்கணினியை எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். கிளினிக்கிலிருந்து வந்த டாக்டர் இடது கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கார் மெக்கானிக் ஆ செங் வலது கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி பவுனம்மா நடுவில் நின்று இழுத்தாள். உயிர் போய் அரை மணி நேரம் ஆகியும் மனிதர் அதை விடுவதாக இல்லை. குளுவாங் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருடம் கம்பி முறுக்கிய விரல்கள் அவை. பிடித்தால் பிடித்ததுதான்.

"விடுங்க," என்றாள் பவுனம்மா. "நான் ஒன்னும் படிக்கப் போறதில்ல."

விட்டார். டாக்டர் அதற்கு ஏதோ மருத்துவக் காரணம் சொன்னார். பவுனம்மா காதில் வாங்கவில்லை. நாற்பத்தோரு வருடத்தில் அவள் சொல்லி அவர் கேட்காமல் இருந்ததில்லை, என்ன, கொஞ்சம் தாமதமாகக் கேட்பார்.

நல்ல சாவு என்றுதான் தாமான் குடியிருப்பு முழுக்கப் பேசிக்கொண்டார்கள். எழுபது வயது. காலையில் இரண்டு ரொட்டி சானாய், மீன் குழம்பு, ஒரு கோப்பி. அதற்குப் பிறகு பிரம்பு நாற்காலி. நாற்காலியில் ஒரு கொட்டாவி. அந்தக் கொட்டாவியின் பாதியில் போய்விட்டார் என்று, ஜன்னல் வழியே தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாக ஆ செங் எல்லோரிடமும் சொன்னார். அந்த நேரத்தில் ஆ செங் தம் வீட்டுக் கழிப்பறையில் இருந்தார் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

மேசைமேல் வைத்த கணினியின் திரை மங்கத் தொடங்கியது. கிழட்டுக் கணினி. இரண்டு நிமிடம் யாரும் தொடாவிட்டால் தூங்கப் போய்விடும். அய்யாவு கோப்பி குடிக்கும்போதும், பேசும்போதும், ஏன், குறட்டை விடும்போதும்கூட வலது கை நடுவிரல் முட்டியால் அதை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே இருப்பார். பவுனம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். திரை இருண்டது. அதற்குப் பிறகுதான் மகளுக்குப் போன் செய்யப் போனாள்.

அந்தக் கணினிக்கு அவள் வைத்திருந்த பெயர் சின்ன வீடு. பெயர் பொருத்தம்தான். காலை எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழிப்பார். உள்ளே இருந்ததோ வெறும் குறிப்புகள். ஓய்வு பெற்று ஐந்து வருடம் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு, மகள் பிரவீனாதான் ஒன்பது வருடத்துக்கு முன் அந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் எழுதும்போது இன்னொரு பக்கத்தின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்துவிடும். அந்தப் பெயரைத் தொட்டால் அங்கே போய்விடலாம். கம்பிக்குக் கம்பி முடிச்சுப் போட்டே வாழ்ந்த மனிதரிடம் இதைக் காட்டலாமா? அதற்குப் பிறகு குளுவாங்கில் ஒரு கோழி முட்டையிட்டால் முட்டைக்கு ஒரு பக்கம் திறந்தார். முட்டையிலிருந்து கோழிக்கு ஒரு கோடு, கோழியிலிருந்து அதை வளர்த்தவருக்கு ஒரு கோடு, வளர்த்தவரிலிருந்து பாரிட் ராஜாவில் இருக்கும் அவருடைய சம்பந்திக்கு ஒரு கோடு. சாகும் அன்று மொத்தம் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கங்கள்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. கேள்வியைத் தொங்கவிடக் கூடாது. பதில் கிடைத்த அன்றே கேள்வியை அழித்துவிட்டுப் பதிலை எழுதிவிட வேண்டும். எக்ஸ்சேஞ்சில் பழுதான லைனைச் சரிசெய்த கையோடு புகார்ச் சீட்டைக் கிழித்துப் போட்ட பழக்கம்.

மாலை ஐந்து மணிக்கு டீ. பவுனம்மா கோப்பையை வைத்ததும், "பவுனு, ஒன்னு கேக்கணும்," என்று ஆரம்பிப்பார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்விதான். பின்பக்கத்து ரம்புத்தான் கன்றை யார் கொடுத்தது? கல்யாணத்துக்கு எடுத்த வாடகைக் கார் என்ன நிறம்? குளியலறைக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் ஒழுகாது? அவள் சொல்வாள். இரண்டு மாதம் கழித்து அதையே திரும்பக் கேட்பார். அவள் திரும்பச் சொல்வாள், கொஞ்சம் சத்தமாக. ரம்புத்தானை மட்டும் இருநூறு தடவை சொன்னதாக அவள் சொல்வாள். இருபது தடவையாவது இருக்கும்.

அப்பாவுக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று பயந்து பிரவீனா ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் மூன்று பொருள்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அய்யாவு மூன்றையும் சொல்லிவிட்டு, கூடவே 1983-இல் குளுவாங் கடைத்தெருவில் இருந்த அத்தனை கடைகளின் டெலிபோன் எண்களையும் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். பதினேழாவது கடையில் டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

பவுனம்மாவுக்கும் ஒரு கேள்வி இருந்தது. ஒன்பது வருடமாகக் கேட்டாள். "ஊருல உள்ள கோழிக்கெல்லாம் பக்கம் இருக்கு. என்னப் பத்தி என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

"தேடிப் பாரேன்," என்று சிரிப்பார்.

தொட மாட்டேன் என்று அவளும் வீம்பாக இருந்துவிட்டாள். கேட்டு வாங்கிப் படிக்க அது என்ன அரசாங்க விண்ணப்பப் பாரமா? தானாகக் காட்டட்டும். காட்டாமலே போய்விட்டார்.

பிரவீனாவும் அவள் கணவன் ஜீவனும் ஜொகூர் பாருவிலிருந்து பதினொரு மணிக்கு வந்தார்கள். பிரவீனா அழுதாள், முகம் கழுவினாள், மறுபடி அழுதாள். ஜீவன் போலீஸ் நிலையத்துக்குப் போய் அனுமதிச் சீட்டு வாங்கி வந்தான். அதற்குள் பத்து பாகாட்டிலிருந்து அய்யாவுவின் அண்ணன் வீரமுத்து வந்து இறங்கிவிட்டார். எழுபத்து நான்கு வயது. எந்த வீட்டில் துக்கமென்றாலும் முதல் ஆளாக நின்று நடத்துகிறவர். பந்தல் எந்தப் பக்கம் போடுவது, தண்ணீர்ப் பாக்கெட் எத்தனை பெட்டி, உறுமி மேளக்காரர்கள் எத்தனை மணிக்கு வரவேண்டும், எல்லாம் கால் மணி நேரத்தில் முடிவானது. மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு எடுப்பது.

யார் யாருக்குச் சொல்வது என்று வந்தபோதுதான் சிக்கல். அய்யாவுவின் கைப்பேசியில் நான்கே நான்கு எண்கள் இருந்தன. மற்ற எல்லோரும் சின்ன வீட்டுக்குள் இருந்தார்கள்.

பிரவீனா சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் சிங்கப்பூருக்குப் போய் அவள் பார்க்கும் வேலையும் அதுதான். பிறர் குவித்து வைத்த தகவலைக் கூட்டிப் பெருக்கி எண்ணிச் சொல்வது. நாலாயிரம் பக்கத்தையும் படித்துக்கொண்டிருந்தால் கருமாதியே வந்துவிடும் என்று, ஒரு சின்ன நிரல் எழுதினாள். ஒவ்வொரு பக்கத்தையும் வேறு எத்தனை பக்கங்கள் காட்டுகின்றன என்று அது எண்ணிச் சொல்லும். அதிகக் கோடு யாருக்கு வருகிறதோ அவர் அப்பாவுக்கு நெருக்கம். அவருக்கு முதலில் சொல்ல வேண்டும்.

"மொதல்ல குப்பையக் கூட்டணும்," என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

பக்கத்தில் நின்ற பவுனம்மா என்ன குப்பை என்று கேட்டாள்.

"லிங்க் இருக்கும்மா, ஆனா போற எடத்துல பக்கம் இருக்காது. அப்பா தப்பா அடிச்சி விட்டிருப்பாரு. ஆயிரத்துக்கு மேல கெடக்கு. எடுத்துப் போட்டாத்தான் கணக்கு சரியா வரும்."

ஒரு பொத்தானை அழுத்தினாள். நிரலின் கணக்கிலிருந்து குப்பை போய்விட்டது. அலுவலகத்திலும் தினமும் அப்படித்தான் செய்வாள்.

பட்டியல் வந்தது. சத்தமாகப் படிக்கச் சொன்னது வீரமுத்து. முதல் இடத்தில் தம் பெயர் வரும்போது பந்தலில் இருக்கும் எல்லோர் காதிலும் விழவேண்டும் என்று நினைத்திருப்பார். தொண்டையைச் செருமித் தயாராகவும் இருந்தார்.

"ஒன்னு. ரம்புத்தான் மரம். இருநூத்திப் பன்னெண்டு," என்று படித்தாள் பிரவீனா.

அதற்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்று ஜீவன் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் மூன்று பேருக்கு இருமல் வந்தது.

இரண்டாவது ஆ செங், நூற்று எண்பத்தேழு. தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த ஆ செங் அப்படியே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் தண்ணீர் கொடுக்கவில்லை. வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்றார். மூன்றாவது மார்க்கெட்டில் நண்டு விற்பவர். நான்காவது, இன்னொரு பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக் ரொஹானியின் பூனை. மக்சிக் ரொஹானி ஒன்பதாவது. இதில் அவருக்கும் பூனைக்கும் மனவருத்தம் ஏற்பட்டதாகப் பிறகு தெரிந்தது. அறுபதாவது, கசியும் குழாய். அறுபத்தொன்றாவது, அண்ணன் வீரமுத்து.

பந்தலில் உறுமி நின்றுபோனதுபோல் ஓர் அமைதி. உறுமிக்காரர்கள் அப்போது வந்திருக்கவே இல்லை.

"கொழாய்க்கு அடுத்தா நானு?" என்றார் வீரமுத்து.

"பெரியப்பா, இது பாசக் கணக்கு இல்ல. எத்தன பக்கம் காட்டுதுன்னு வெறும் எண்ணிக்கதான்."

"ஒரே வயித்துல பொறந்தவன்மா. கொழாய் எங்கேருந்து வந்திச்சி, ஹார்ட்வேர் கடையிலேருந்து."

பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலுக்கு வெளியே, வெயிலில், சாக்கடை ஓரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

ஆனால் செய்தி பரவிவிட்டது. அன்று மாலை அஞ்சலி செலுத்த வந்தவர்கள் மாலையைப் போட்டார்கள், கும்பிட்டார்கள், இரண்டு நிமிடம் உட்கார்ந்தார்கள், பிறகு மெதுவாகச் சாப்பாட்டு மேசைப் பக்கம் வந்து தம் இடம் என்ன என்று விசாரித்தார்கள். எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த பள்ளிக்கூடம்போல ஆகிவிட்டது துக்க வீடு. பழைய எக்ஸ்சேஞ்ச் நண்பர் ஒருவர் பதினான்காவது என்று தெரிந்ததும் விம்மி அழுதார். பதினைந்தாவது வந்தவர் அவரைத் தேற்றியபடி, மறுகூட்டல் உண்டா என்று பிரவீனாவிடம் ரகசியமாகக் கேட்டார்.

பவுனம்மா சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண் அய்யாவு மேல், காது மேசைமேல். அறுபத்தொன்றிலிருந்து நூறு வந்தது, முந்நூறு வந்தது. பட்டியலின் அடியில், ஒரே ஒரு கோடு மட்டும் விழுந்த பெயர்கள் வந்தன. பஸ் நிலையத்தில் ஒருநாள் பார்த்த பல் இல்லாத மனிதர். சிம்பாங் ரெங்கத்தில் நின்றுபோன லாரி. பிரவீனாவின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது. அம்மா என்று தேடினாள். பவுனம்மா என்று தேடினாள். பவுனு என்று தேடினாள். எந்தப் பெயரிலும் பக்கம் இல்லை.

கணினியை மூடினாள். பெட்டியைச் சுற்றி இருந்தவர்கள் வேறு எங்கேயோ பார்த்தார்கள்.

பவுனம்மா அய்யாவுவின் கழுத்து மாலையில் மடங்கியிருந்த ஒரு பூவை நிமிர்த்தி விட்டாள்.

"நான் என்ன ஒழுகுறேனா, எழுதி வைக்க," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

மறுநாள் காலை குளிப்பாட்டி உடை மாற்றுகிறவர்கள் வந்து, ஐயாவுக்கு மூக்குக்கண்ணாடி போட்டு அனுப்புவதா என்று கேட்டார்கள். போட்டுத்தான் ஆகவேண்டும் என்றாள் பவுனம்மா. கண்ணாடி இல்லாமல் அவர் முகம் உரித்த முட்டைபோல் இருக்கும். தேடியதில் அது கணினிக்கு அடியில் கிடந்தது. கண்ணாடியை எடுக்கக் கணினியைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் மூடி திறந்துகொண்டது. அப்படித்தான் பிறகு மகளிடம் சொன்னாள். கை தானாகத் திறந்ததா, மூடி தானாகத் திறந்ததா என்பது மேசைக்கும் அவளுக்கும் தெரியும்.

திரை இருட்டாக இருந்தது. நடுவிரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். விழித்துக்கொண்டது.

படிக்கப் போவதில்லை என்று நேற்று அவரிடம் சொன்னது ஞாபகம் வந்தது. சொன்னதுதானே, சத்தியமா பண்ணினோம் என்று சமாதானம் செய்துகொண்டு, அவருடைய கண்ணாடியைத் தன் மூக்கில் மாட்டினாள். முதல் இடம் பிடித்த அந்த மரத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெயரைத் தொட்டாள்.

'ரம்புத்தான் மரம். வீட்டுப் பின்னால. செவப்பு. வருசத்துக்கு ரெண்டு தடவ காய்க்கும், மூனு தடவன்னு ஆ செங் சொல்றான், பொய். வௌவால் தொல்ல. கன்னு யாரு குடுத்தது? அவளக் கேக்கணும்.'

கடைசி இரண்டு சொற்கள் மட்டும் வேறு நிறத்தில், வெளுத்துப்போய், இரட்டைச் சதுர அடைப்புக்குள் இருந்தன. தொட்டாள். வெறும் பக்கம் வந்தது. இப்படி ஒரு பக்கம் இன்னும் இல்லை, தொடங்கவா என்று கேட்டது.

பட்டியலுக்குத் திரும்பி வந்து ஆ செங்கின் பெயரைத் தொட்டாள். எட்டு கார்கள், மூன்று மோட்டார் சைக்கிள்கள், ஒரு முதுகுவலி. அடியில்: 'நம்ப கல்யாணத்துக்கு இவன் அப்பாதான் கார் ஓட்டுனாரு. என்னா கலரு? அவளக் கேக்கணும்.' குழாயைத் தொட்டாள். 'எந்தப் பக்கம் திருப்புனா நிக்கும்? அவளக் கேக்கணும்.' நண்டுக்காரர். 'நண்டுக் கறிக்கு சோம்பு போடுவாளா? அவளக் கேக்கணும்.' பூனை. 'இது மொத மொதல்ல யாரு வீட்டுக்கு வந்திச்சி, நம்ப வீட்டுக்கா ரொஹானி வீட்டுக்கா? அவளக் கேக்கணும்.'

பவுனம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஊர்ப்பட்ட வேலையெல்லாம் செய்துவிட்டு முடிக்காத மிச்சத்தை மட்டும் அவள் தலையில் கட்டியிருக்கிறார். பிரவீனாவைக் கூப்பிட்டாள். பிரவீனா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"உங்கப்பா செஞ்சி வச்ச வேலையப் பாரு. எதைத் தொட்டாலும் அவளக் கேக்கணும், அவளக் கேக்கணும். தொட்டு உள்ள போனா ஒன்னுமே இல்ல."

பிரவீனா குனிந்து பார்த்தாள். துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது. எடுத்துக் கட்டவில்லை.

"இதாம்மா," என்றாள். "நேத்து நான் குப்பைன்னு எடுத்துப் போட்டது."

உட்கார்ந்தாள். நேற்று எழுதிய நிரலில் ஒரு வரியை அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். பட்டியல் திரும்ப வந்தது. ரம்புத்தான் மரம் இரண்டாவது இடத்தில் இருந்தது. அதற்கு மேலே, பக்கமே இல்லாத அந்தப் பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு.

இன்னொரு பொத்தானை அழுத்தியதும் படம் வந்தது. பக்கங்கள் எல்லாம் புள்ளிகளாக, கோடுகளோடு கறுப்புத் திரையில் சிதறிக் கிடந்தன, மழைக்கு முன் ஈசல் பறக்கிறதுபோல. பிரவீனா ஒரு கட்டத்தில் சரிக்குறி போட்டாள். இல்லாத பக்கங்களையும் காட்டு. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி எழுந்தது. எழுந்தது என்றால் சும்மா இல்லை, நெருப்பில் போட்ட சப்பாத்திபோல உப்பிக்கொண்டே போனது. பூனை, குழாய், நண்டு, ஆ செங், பல் இல்லாத மனிதர், நின்றுபோன லாரி, எல்லாம் ஓர் இழுப்பில் அதை நோக்கி ஓடிவந்து சுற்றி நின்றன.

பவுனம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"பதில் கெடச்சா அப்பா அன்னிக்கே கேள்விய அழிச்சிடுவாரேம்மா," என்றாள் பிரவீனா. "ரம்புத்தான் யாரு குடுத்ததுன்னு நீங்க சொல்லவே இல்லையா?"

"இருநூறு தடவ சொல்லியிருக்கேன்."

பிரவீனா ரம்புத்தான் பக்கத்தைத் திறந்து காட்டினாள். கேள்வி அழியாமல் அப்படியே இருந்தது. வெளியே உறுமிக்காரர்கள் நிழல் எந்தப் பக்கம் என்று ஆ செங்கிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரை மங்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். அம்மாவின் கை முந்திக்கொண்டது.

மதியம் இரண்டு மணிக்கு வாய்க்கரிசி. வரிசையாக வந்து போட்டார்கள். வீரமுத்து மட்டும் சாக்கடை ஓரத்து நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டு நாள் வெயிலில் உட்கார்ந்து நெற்றி செம்பு நிறமாகிவிட்டது. ஆறு பேர் போய்க் கூப்பிட்டார்கள். குழாயைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கடைசியாகப் பவுனம்மா வந்தாள். அவள் மூக்கில் இன்னும் அய்யாவுவின் கண்ணாடி இருந்தது. அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. அரிசியைப் போட்டாள். பிறகு குனிந்து அவர் காதருகே வாயை வைத்தாள். ஒப்பாரி என்று நினைத்து இரண்டு பெண்கள் சேர்ந்து அழுவதற்கு அருகில் வந்தார்கள்.

"ரம்புத்தான் கன்னு உங்க அண்ணன் குடுத்தது," என்றாள். ரகசியம் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பந்தலுக்கு வெளியேயும் கேட்டது. "பத்து பாகாட்லேருந்து கப்சாய் மோட்டார் சைக்கிள் பின்னால கட்டி எடுத்தாந்தாரு. இது இருநூத்தி ஒன்னாவது தடவ."

சாக்கடை ஓரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

வீரமுத்து வந்தார். கூட்டம் வழிவிட்டது. தம்பியின் முகத்தருகே குனிந்தார்.

"வழியில, ஆயர் ஈத்தாம்ல மழ புடிச்சிக்கிச்சி," என்றார். "சட்டையக் கழட்டி அதுக்குத்தான் போத்துனேன். கன்னு ஒடிஞ்சிடப் போவுதுன்னு."

அரிசியை எடுத்துப் போட்டார். பாதி வெளியே சிந்தியது. பட்டியலில் ரம்புத்தான் எத்தனாவது இடம் என்று யாரும் அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல, பெட்டியை வண்டியில் ஏற்றுவதற்குள் அந்த மழை வெள்ளமாகிவிட்டது. சுடலை போய்ச் சேர்வதற்குள் கன்று ஆளுயர மரமாகி, வீரமுத்து அதைக் கழுத்தளவு தண்ணீரில் தலையில் சுமந்து வந்துவிட்டிருந்தார் என்று ஜீவன் பிறகு சொன்னான்.

ஆனால் அது பிறகு. பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பவுனம்மா எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தார்கள். அவள் எழவில்லை. கார் சந்தன நிறம் என்றாள். குழாயை இடது பக்கம் திருப்பி, ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்றாள். பூனை முதலில் வந்தது நம் வீட்டுக்குத்தான், வீட்டில் மீன் இல்லாத அன்றைக்குக் கட்சி மாறிவிட்டது என்றாள். மக்சிக் ரொஹானிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். வாயைத் துணியால் மூடிக்கொண்டார்.

"அம்மா, நேரமாச்சி," என்றார் மூடியைப் பிடித்திருந்தவர்.

பவுனம்மா நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள். பெட்டிக்குள் வைக்கப் போனவள், வைக்காமல் மறுபடி தன் மூக்கிலேயே மாட்டிக்கொண்டாள்.

"அங்க படிக்க ஒன்னும் இருக்காது," என்றாள்.

வண்டி போனது. ஆண்களும் பிரவீனாவும் கூடவே போனார்கள். பெரியப்பாவே தன்னை முன் இருக்கையில் ஏற்றிவிட்டதாகப் பிரவீனா கையசைத்துக் காட்டினாள். மற்றப் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். மக்சிக் ரொஹானி தம் வீட்டுக் குழாயிலிருந்து ரப்பர் பைப்பை நீட்டித் தண்ணீர் பிடித்தார். பூனை மதில்மேல் உட்கார்ந்து இரண்டு வீட்டையும் பார்த்தது.

ஐந்து மணிக்குப் பவுனம்மா டீயோடு மேசையில் உட்கார்ந்திருந்தாள். தரை இன்னும் ஈரமாக இருந்தது. கணினியில் ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுக்கொண்டே போனாள். நண்டுக் கறியில் சோம்பா, கூடவே கூடாது. பிரவீனா முதலில் பேசிய சொல், பந்து. பழைய தோட்டத்து லயத்து வீட்டில் எத்தனை ஜன்னல், ஒன்று, அதுவும் திறக்காது. பழைய கேள்விகள். எல்லாம் தெரிந்த பதில்கள். சொன்ன கையோடு அடுத்ததற்குப் போனாள். எதையும் அழிக்கவில்லை. தொடங்கவா என்று கேட்ட அந்த வெறும் பக்கத்தையும் தொடங்கவில்லை.

பட்டியலின் கடைசியில் நேற்றைய தேதியில் ஒரு பக்கம் இருந்தது. காலை எட்டு நாற்பது. ஒரே வரி.

'கிச்சன்ல ஏதோ பாட்டு முணுமுணுக்குறா. என்னா பாட்டு? அவளக் கேக்கணும்.'

பவுனம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். இது புதுசு. இதை அவர் கேட்கவில்லை. நேற்றுக் காலை எட்டு நாற்பதுக்கு மீன் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அது ஞாபகம் இருந்தது. தேங்காய் நார் கையில் குத்தியது ஞாபகம் இருந்தது. பாட்டு ஞாபகம் இல்லை. முணுமுணுத்தோமா என்றே தெரியவில்லை. உதட்டை மூடிக்கொண்டு ஒரு மெட்டைப் பிடித்துப் பார்த்தாள். அது இல்லை. வேறொன்றைப் பிடித்தாள். அதுவும் இல்லை. எழுந்து போய்த் தொட்டியில் மீன் சட்டியை வைத்துத் தண்ணீரைத் திறந்து, நாரை எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஏதோ ஒன்று தொண்டைவரை வந்தது.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். வீரமுத்துவின் வாயில் ஆயர் ஈத்தாம் மழை அங்கேயும் பெய்துகொண்டிருந்தது.

மேசைமேல் திரை மங்கத் தொடங்கியது. பவுனம்மா ஈரக் கையோடு வந்து, நடுவிரல் முட்டியால் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மறுபடி சட்டியைத் தேய்க்கப் போனாள்.